விருச்சிக ராசி, கேட்டை நட்சத்திரம்: மகளின் ஜாதகம் குறித்து ஒரு தாயின் கேள்வி

கேள்வி: என் மகளுக்கு 27 வயது. கேட்டை 4ஆம் பாதம், விருச்சிக ராசி. பிறந்தது ஜூன் இரண்டாம் வாரம். 'கர்ப்பச் செல் போக புதன் திசை இருப்பு 2 வருடம் 10 மாதம்' என்று ஜாதகத்தில் எழுதியிருக்கிறது. நல்ல வரன் ஒன்று வந்தது. மாப்பிள்ளைக்கு ஓர் அண்ணன் உண்டு. 'கேட்டைப் பெண் மூத்த மைத்துனருக்கு ஆகாது, போதாததற்குத் தேள் ராசி, மனசில் வைத்திருந்து பழிவாங்கும்' என்று அவர்கள் வீட்டுப் பெரியவர் சொல்லிவிட்டாராம். பேச்சு அப்படியே நிற்கிறது. மகளோ செல்போனில் பார்த்துவிட்டு, 'நான் விருச்சிகமே இல்லை, மிதுனம்' என்கிறாள். கோபம் வந்தால் அவள் கத்த மாட்டாள், ஆனால் மூன்று நாள் யாரோடும் பேச மாட்டாள். இது ராசியின் குணம்தானா? நட்சத்திரத்தை மாற்றி வேறு ஜாதகம் எழுதிவிடலாம் என்று என் தம்பி சொல்கிறான். செய்யலாமா?

பதில்: அன்புச் சகோதரிக்கு,

செல்போன் சொன்ன மிதுனத்தை முதலில் தீர்த்துவிடுவோம். அதுவும் பொய் இல்லை, உங்கள் கையில் இருக்கும் ஜாதகமும் பொய் இல்லை. இரண்டும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்கின்றன. மேல்நாட்டு முறை, பிறந்த அன்று சூரியன் எந்த ராசியில் இருந்தது என்று பார்க்கிறது. நாம் 'உன் ராசி என்ன' என்று கேட்டால், சந்திரன் நின்ற வீட்டைக் கேட்கிறோம். சூரியன் ஒரு ராசியில் ஒரு மாதம் இருக்கும். சந்திரன் இரண்டேகால் நாளில் கடந்துவிடும். அதனால்தான் அங்கே தேதி போதும், இங்கே நேரமும் வேண்டும்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. அவர்கள் ராசிச் சக்கரத்தைச் சம இரவு நாளிலிருந்து தொடங்குகிறார்கள், நாம் நட்சத்திரங்களை வைத்துத் தொடங்குகிறோம். சுமார் 72 ஆண்டுக்கு ஒரு பாகை வீதம் இந்த இரண்டும் விலகி, இப்போது 24 பாகைக்கு மேல் இடைவெளி. அதுதான் அயனாம்சம். எனவே அவர்கள் கணக்கில் ஜூன் இரண்டாம் வாரச் சூரியன் மிதுனம், நம் கணக்கில் அது வைகாசி மாதம், சூரியன் இன்னும் ரிஷபத்தில். அக்டோபர் 23 முதல் நவம்பர் 21 வரை பிறந்து 'நான் ஸ்கார்பியோ' என்று சொல்லிக்கொள்கிறவர்களில் பெரும்பாலோருக்கு நம் பஞ்சாங்கப்படி சூரியன் துலாத்தில் இருக்கும். நவம்பர் நடுவில் கார்த்திகை பிறந்தால்தான் சூரியன் விருச்சிகத்துக்கு வரும். மகளிடம் இதைச் சொல்லுங்கள்: சூரியனை வைத்து அவர்களுக்கு மிதுனம், நமக்கு ரிஷபம். சந்திரனை வைத்து விருச்சிகம். நம் பலன்கள் எல்லாம் இந்தக் கடைசிக் கணக்கின் மேல்தான் எழுதப்பட்டவை.

அடுத்து, 4ஆம் பாதம் என்பது சரிதானா என்று பார்க்க வேண்டும். கேட்டை 4 ராசியின் விளிம்பு. அதைத் தாண்டினால் மூலம், தனுசு ராசி. இங்கே தவறு நடந்தால் நட்சத்திரம், ராசி, திசை மூன்றும் மாறிவிடும். சரிபார்க்க ஜாதகத்தில் நீங்கள் சொன்ன அந்த ஒரு வரியே போதும். கர்ப்பச் செல் என்பது பிறக்கும் முன்பே கழிந்த பங்கு, இருப்பு என்பது பிறக்கும்போது மீதம் இருந்த திசைக் காலம். கேட்டைக்குத் திசாநாதன் புதன், மொத்தம் 17 வருடம். நான்கு பாதத்துக்கும் பங்கிட்டால் பாதத்துக்கு 4 வருடம் 3 மாதம். இருப்பு அதற்குக் குறைவாக இருந்தால் 4ஆம் பாதம். 2 வருடம் 10 மாதம் என்பது 17-இல் ஆறில் ஒரு பங்கு. கேட்டையின் ஆத்யந்த பரமநாழிகை, அதாவது அந்த நட்சத்திரம் தொடங்கி முடியும் வரை உள்ள மொத்த நேரம், 60 நாழிகை என்று வைத்துக்கொண்டால், பிறக்கும்போது மீதம் இருந்தது 10 நாழிகை, அதாவது 4 மணி நேரம். சந்திரன் விருச்சிகத்தில் 27 பாகை 47 கலையில். கணக்கு ஒன்றோடொன்று பொருந்துகிறது.

பிறந்த நேரம் பத்து நிமிடம் முன்பின் ஆகியிருந்தாலும் இந்த இடத்தில் பாதம் மாறாது. ஆனால் அந்த ஜாதகம் பழைய வாய்பாட்டின்படி கணிக்கும் வாக்கியப் பஞ்சாங்கப்படியா, திருத்திய கணிதப்படி கணிக்கும் திருக்கணிதப்படியா என்று பாருங்கள். நட்சத்திரம் முடியும் நேரம் இரண்டிலும் ஒன்றாக இருக்காது. ஒரு முறையில் போட்ட பெண் ஜாதகத்தையும் இன்னொரு முறையில் போட்ட பிள்ளை ஜாதகத்தையும் அருகருகே வைத்துப் பொருத்தம் பார்ப்பது எல்லாத் தவறுகளிலும் அதிகமாக நடப்பது. திசா சந்தி, அதாவது ஒரு திசை முடிந்து அடுத்தது தொடங்கும் காலம் இருவருக்கும் அருகருகே வருகிறதா என்று பார்க்கும்போது அது கையைக் கடிக்கும். இருவருக்கும் ஒரே முறையில் திரும்பக் கணிக்கச் சொல்லுங்கள்.

இப்போது தேளுக்கு வருவோம்.

தேள் உருவம் மிகப் பழையது. பாபிலோனியர் இந்த நட்சத்திரக் கூட்டத்தைத் தேள் என்றே அழைத்தார்கள். அவர்கள் கதைகளில் சூரியன் வந்து போகும் மலைவாயிலைக் காப்பவர்கள் தேள் மனிதர்கள். கிரேக்கக் கதையில் ஓரியன் என்ற வேடன், பூமியில் உள்ள மிருகம் அத்தனையையும் கொன்றுவிடுவேன் என்று ஆணவம் பேசுகிறான். பூமித்தாய் ஒரு தேளை அனுப்புகிறாள், அவன் வீழ்கிறான். ஆர்ட்டெமிஸ் தேவி அனுப்பினாள் என்று வேறு பாடமும் உண்டு. இரண்டையும் வானத்தின் எதிரெதிர்ப் பக்கத்தில் வைத்தார்கள். தேள் கிழக்கே எழும்போது வேடன் மேற்கே இறங்குவான். அந்த வேடனின் தலைதான் நம் மிருகசீரிடம், தோள்தான் திருவாதிரை.

இந்தக் கதையில் தேளுக்குச் சொந்தப் பகை எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். உயிர்களைக் காக்க வேண்டும் என்பதற்காக அனுப்பப்பட்டது அது. பாபிலோனிலும் அதற்குக் காவல் வேலைதான். 'பழிவாங்கும் ராசி' என்பது பின்னால் வந்தவர்கள் கொடுக்கை மட்டும் பார்த்துச் சொன்ன பேச்சு.

அந்தக் கொடுக்கைப் பற்றியும் ஒரு செய்தி. ஜூன், ஜூலை மாத இரவுகளில் ஒன்பது மணிவாக்கில் தெற்கு வானைப் பாருங்கள். கொக்கி போல் வளைந்த ஒரு பெரிய உருவம், நடுவே சிவந்த நட்சத்திரம் ஒன்று. அந்தச் சிவப்புதான் கேட்டையின் யோகதாரை, அதாவது முதன்மை நட்சத்திரம். செவ்வாய்க்குப் போட்டியாக மின்னுகிறது என்பதால் கிரேக்கர் அதற்கு அன்டாரஸ் என்று பெயர் வைத்தார்கள். அரபியர் தேளின் இதயம் என்றார்கள். அதற்கு மேலே தேளின் நெற்றியாக நிற்பவை அனுஷம். கீழே வளைந்து இறங்கும் வால், நுனியில் நெருங்கி நிற்கும் இரண்டு நட்சத்திரங்கள், அவைதான் கொடுக்கு. அந்த வால் மூலம் நட்சத்திரம். மூலம் நம் கணக்கில் தனுசு ராசி! ஆக, விருச்சிக ராசியில் பிறந்தவருக்குக் கிடைத்தது தேளின் தலையும் இதயமும்தான். கொட்டும் நுனி அடுத்த ராசிக்குப் போய்விட்டது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவரிடம் நீங்கள் தாராளமாக இதைச் சொல்லலாம்.

உயிருள்ள தேளும் நாம் பயப்படுகிற மாதிரி இல்லை. பகலில் கல்லிடுக்கில் ஒளிந்திருக்கும், மிதித்தால் கொட்டும், தேடிவந்து கொட்டாது. பெரிய இடுக்கி உள்ள வகைகள் இரை பிடிக்கக்கூட கொடுக்கை விட இடுக்கியையே நம்பும். தேள் முட்டையிடாது, குட்டி போடும். பிறந்த குட்டிகள் வெள்ளை வெளேரென்று தாயின் முதுகில் ஏறி நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். முதல் தோல் உரிக்கும் வரை தாய் அவற்றைச் சுமந்தே திரியும். விருச்சிக ராசிக்காரர் குடும்பத்தைச் சுமக்கும் விதத்துக்கு இதைவிடப் பொருத்தமான படம் எனக்குத் தெரியவில்லை.

இனி, வரனை நிறுத்தி வைத்திருக்கும் 'மூத்தவருக்கு ஆகாது' என்ற பேச்சு. இது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும்.

கேட்டையின் வடமொழிப் பெயர் ஜ்யேஷ்டா, மூத்தவள். வேதத்தில் இதற்கு 'ஜ்யேஷ்டக்னீ' என்றும் பெயர் உண்டு, மூத்தவனைக் கொல்வது என்று பொருள். பெயர்க் காரணத்தைத் தைத்திரீய பிராமணம் சொல்கிறது. தேவர்கள் அசுரரோடு செய்த போரின் படிகளாக நட்சத்திரங்கள் வரிசையில் வருகின்றன. அனுஷத்தில் வெற்றி கைகூடியது, 'இவர்களில் மூத்தவனைக் கொன்றோம்' என்பது கேட்டை, 'இவர்களை வேரோடு பிடுங்கினோம்' என்பது மூலம். கொல்லப்பட்டவன் பகைவர் கூட்டத்தின் தலைவன். கணவனின் அண்ணனுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இந்த நட்சத்திரத்தின் தேவதை அந்தப் போரை நடத்திய இந்திரன்.

அதர்வ வேதத்தின் ஆறாம் காண்டத்தில் 110ஆம் பாடல் இதே நட்சத்திரத்தில் பிறந்த குழந்தையைப் பற்றியது. ஜ்யேஷ்டக்னீயில் பிறந்த இந்தப் பிள்ளையைக் காப்பாற்று, எல்லாத் துன்பத்தையும் கடத்தி நூறாண்டு வாழவை என்று அது வேண்டுகிறது. பிள்ளையால் யாருக்கு ஆபத்து என்று மட்டுமே நாம் இன்று கேட்கிறோம். அந்தப் பாடலுக்கோ பிள்ளை நன்றாக வாழ வேண்டும் என்பதுதான் கவலை. என்னைக் கேட்டால் நாம் பிடித்துக்கொள்ள வேண்டியது அந்தப் பாடலை.

பின்னால் வந்த முகூர்த்த நூல்களில் 'கேட்டை கணவனின் மூத்த சகோதரனுக்கு, விசாகம் 4ஆம் பாதம் இளைய சகோதரனுக்கு' என்ற விதி நுழைந்தது உண்மை. அதை மறைக்க வேண்டாம். ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள். நாம் பார்க்கும் பத்துப் பொருத்தம் தினம், கணம், மகேந்திரம், ஸ்திரீ தீர்க்கம், யோனி, ராசி, ராசி அதிபதி, வசியம், ரஜ்ஜு, வேதை. மூத்த மைத்துனர் விதி இந்தப் பத்தில் எதிலும் இல்லை. ஒருவரின் ஆயுளை அவர் ஜாதகத்தின் எட்டாம் இடம், லக்னாதிபதி, நடக்கும் திசை இவற்றை வைத்துத்தான் சாஸ்திரம் சொல்லச் சொல்கிறது. தம்பி மனைவியின் நட்சத்திரத்தை வைத்து அண்ணனின் ஆயுளைச் சொல்வது சாஸ்திரத்தின் அடிப்படைக்கே பொருந்தாது. அவர்களுக்கு மனசு ஒப்பவில்லை என்றால் அண்ணனின் ஜாதகத்தையே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சந்தேகம் அவரைப் பற்றியது, பதிலும் அங்கேதான் இருக்கும்.

ஜ்யேஷ்டா என்ற பெயரால் வந்த இன்னொரு குழப்பமும் உண்டு. திருமகளின் தமக்கையான தவ்வைக்கு, மக்கள் மூதேவி என்று சொல்கிறவளுக்கு, இதே பெயர். தமிழில் அது சேட்டை என்று திரிந்தது. பெயர் ஒன்றாக இருப்பதால் அந்த வெறுப்பு நட்சத்திரத்தின் மேலும் ஒட்டிக்கொண்டது. 'கேட்டை கோட்டை ஆளும்' என்றும் நம் பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அதை மட்டும் வசதியாக மறந்துவிடுகிறோம்.

குணத்துக்கு வருகிறேன். விருச்சிகம் எட்டாவது ராசி, ஸ்திர ராசி, ஜல ராசி, அதிபதி செவ்வாய். ராசிச் சக்கரத்தை ஒரு மனித உடலாகப் பாவிக்கும் காலபுருஷனின் மறைவிடம் இது. ஸ்திரமான ஜலம் என்றால் ஓடாத நீர், கிணறு மாதிரி. உள்ளே ஊற்று உண்டு, மேலே அலை தெரியாது. செவ்வாயின் சூடு அந்த நீருக்குள் இருக்கிறது. இதனால்தான் இவர்களுக்கு எதையும் அரைமனதாகச் செய்ய வராது, பிடித்ததை விடவும் வராது. சொல்லாமல் வைத்துக்கொள்வார்கள். பிறர் மறைப்பதைச் சட்டென்று கண்டுபிடிப்பார்கள். 6ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் தம் பிருகத் ஜாதகத்தில் இந்த ராசிக்காரரைப் பற்றி எழுதும்போது அகன்ற கண், இளமையில் நோய், அரச குலத்தில் மதிப்பு என்றெல்லாம் சொல்லிவிட்டு, கொடிய செயல், மறைவான பாவம் என்பதையும் சேர்க்கிறார். அது ராசிக்குச் சொன்ன பொதுப் பலன். எல்லோருக்கும் அப்படியே ஒட்டிவிட முடியாது.

சந்திரனுக்கு இது நீச வீடு, அதாவது பலம் குறையும் இடம், நீசத்தின் உச்சக்கட்டம் 3ஆம் பாகை. உங்கள் மகளுக்குச் சந்திரன் 27 பாகைக்கு மேல், அந்த ஆழத்தைக் கடந்து வெகுதூரம் வந்தாயிற்று. அதைவிடப் பெரிய விஷயம், ஜூன் இரண்டாம் வாரத்தில் சூரியன் ரிஷபத்தின் கடைசிப் பாகைகளில் இருக்கும், அதற்கு நேர் எதிரே விருச்சிகத்தின் கடைசியில் சந்திரன். அதாவது உங்கள் மகள் பௌர்ணமியை ஒட்டிப் பிறந்தவள். பட்சபலம், அதாவது வளர்பிறை தேய்பிறையை வைத்துச் சந்திரனுக்குக் கிடைக்கும் பலம், முழு அளவான 60-ஐ ஏறக்குறைய தொட்டுவிடும். பட்சபலம் நிறைந்த சந்திரனை வெறும் நீசன் என்று எழுதி வைப்பது பாதிக் கணக்கு. ராசியை ஒன்பதாகப் பங்கிட்டுப் போடும் நவாம்சக் கட்டத்தில் கேட்டை 4 மீனத்தில் விழும், குருவின் வீடு. இரக்கமும் மன்னிக்கும் குணமும் அங்கிருந்து வரும். ராசிக் கட்டத்தைத் திறந்து செவ்வாய் அல்லது சுக்கிரன் சந்திரனுக்கு 1, 4, 7, 10-இல், அதாவது விருச்சிகம், கும்பம், ரிஷபம், சிம்மத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் நீசக் குறையைப் போக்கும் நீசபங்கமும் சேரும்.

அதே ராசியில் விசாகம் 4 என்றால் சந்திரன் ஆழ்ந்த நீசத்தில் இருந்தாலும் நவாம்சத்தில் கடகம், சொந்த வீடு. அனுஷம் 4 என்றால் நவாம்சத்திலும் விருச்சிகம். அனுஷத்துக்கு மித்திரன் தேவதை, சனி அதிபதி என்பதால் நட்பும் பொறுமையும் முன்னே நிற்கும். ஒரே ராசியில் இத்தனை பேதம் இருக்கும்போது 'விருச்சிகமா, கொட்டும்' என்று ஒரு வார்த்தையில் முடிப்பது நியாயமே இல்லை.

கேட்டைக்காரருக்கு வீட்டில் கடைசியாகப் பிறந்தாலும் மூத்தவர் பொறுப்பு வந்து சேரும், புதன் அதிபதி என்பதால் சொல் கூர்மையாக இருக்கும். சொன்னால் காயப்படுத்திவிடுவோம் என்று தெரிந்தே வாயை மூடிக்கொள்வார்கள். விருத்திரனை வென்ற இந்திரன், கொண்டாட்டத்தில் உட்காராமல், செய்த காரியத்தின் பாரம் தாங்காமல் தாமரைத் தண்டுக்குள் போய் ஒளிந்துகொண்டான் என்று மகாபாரதம் சொல்கிறது. உங்கள் மகளின் மூன்று நாள் மௌனம் அந்தத் தாமரைத் தண்டுதான். பழி தீட்டுவதாக நினைக்காதீர்கள். அந்த நேரத்தில் நான்கு பேர் முன்னால் 'என்னடி கோபம், சொல்லு' என்று நெருக்கினால் மூன்று நாள் ஆறு நாளாகும். முதல் நாள் விட்டுவிடுங்கள். இரண்டாம் நாள் அவள் தனியாக இருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள், பதிலுக்கு அவசரப்படாதீர்கள். அவள் சொன்னதை வேறு யாரிடமும் போய்ச் சொல்லாதீர்கள். இந்த ராசிக்காரர் பிறர் செய்த தவறை மன்னிப்பார்கள், நம்பிச் சொன்னது வெளியே போனதை மறக்க மாட்டார்கள். மணமகனாக வருகிறவருக்கும் இது தெரிந்திருப்பது நல்லது.

தம்பி சொன்ன யோசனைக்கு என் பதில், வேண்டவே வேண்டாம். அனுஷம் என்று மாற்றினால் திசை வரிசை சனியிலிருந்து தொடங்கும், மூலம் என்று மாற்றினால் கேதுவிலிருந்து தொடங்கும், ராசியே தனுசாகிவிடும். 'பெண் மூலம் நிர்மூலம்' என்று வேறு ஒரு பயத்தில் மாட்டிக்கொள்வீர்கள். உண்மையான கணக்கில் அவளுக்குப் புதன் திசை 2 வருடம் 10 மாதத்தில் முடிந்து, கேது 7 வருடம் போய், 9 வயது 10 மாதத்தில் சுக்கிர திசை தொடங்கியிருக்கும். 29 வயது 10 மாதம் வரை அது ஓடும். இப்போது சுக்கிர திசைக்குள் புதன் புக்தி என்ற உட்பிரிவு, 28 வயது 8 மாதம் வரை. விருச்சிகத்துக்குச் சுக்கிரன் ஏழாம் அதிபதி, புதன் பதினொன்றாம் அதிபதி. கல்யாணப் பேச்சு வருவதற்கு ஏற்ற காலத்தில் நிற்கிறாள். நட்சத்திரத்தைத் திருத்தினால் இந்தக் காலக்கணக்கு முழுவதும் கலைந்து, அந்தப் பொய் ஜாதகத்துக்குத்தான் யாரோ பொருத்தம் பார்த்து நாள் குறிப்பார்கள்.

தோஷ நிவர்த்தி என்று யாராவது பெரிய செலவு சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். கேட்டைக்குரிய சாந்தி, குழந்தை பிறந்து அதே நட்சத்திரம் திரும்பி வரும் 27ஆம் நாள்வாக்கில் செய்ய வேண்டியது. 27 வயதில் வரனைக் காட்டிப் பயமுறுத்திச் செய்விப்பது அல்ல. கண்டாந்தம், அதாவது நட்சத்திரமும் ராசியும் ஒன்றாக முடியும் ஆகாத நேரம், என்று சொல்லி அச்சுறுத்தினால், கடைசி 2 நாழிகைதான் நூல்கள் சொல்லும் நட்சத்திர கண்டாந்தம், என் மகளுக்கு 10 நாழிகை மீதம் இருந்தது என்று சொல்லுங்கள். 4ஆம் பாதம் முழுவதையும் கண்டாந்தம் என்பவர்களும் உண்டு. அவர்களுக்கும் பௌர்ணமிச் சந்திரனைக் காட்டலாம்.

நீங்கள் மகளின் லக்னத்தையும் மாப்பிள்ளையின் நட்சத்திரத்தையும் எழுதவில்லை. இந்த வரனில் பார்க்க வேண்டியது அவைதான். மாப்பிள்ளை அசுவினியாக இருந்தால் கேட்டைக்கு வேதை, அதாவது ஒன்றுக்கொன்று ஆகாத நட்சத்திரம், தவிர்ப்பது நல்லது. ஆயில்யம், மகம், மூலம், ரேவதி, கேட்டை என்றால் இருவரும் பாத ரஜ்ஜு என்ற ஒரே நட்சத்திரத் தொகுதியில் விழுவார்கள், அதையும் யோசிக்க வேண்டும். கேட்டை ராட்சச கணம், பிள்ளை தேவ கணமாக இருந்தால் கணப் பொருத்தம் தட்டும், ஆனால் மற்றவை நன்றாக இருந்தால் அதைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. லக்னத்துக்கு ஏழாம் இடமும், சுக்கிரன் நின்ற இடமும் இரண்டு ஜாதகத்திலும் பார்க்கட்டும். இருவருக்கும் திசா சந்தி ஓராண்டுக்குள் வருகிறதா என்பதை மட்டும் தவறாமல் கேளுங்கள், உங்கள் மகளுக்கு அது 29 வயது 10 மாதத்தில் வருகிறது.